ஒரு ஹிட், பதினோரு ரன்: கன்சாஸ் சிட்டியில் ஓர் ஏழாவது இன்னிங்ஸ்

20-6 என்று ஒரு பேஸ்பால் ஸ்கோரைப் பார்த்ததும், யாரோ யாரையோ வெளுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். 1959 ஏப்ரல் 22 அன்று கன்சாஸ் சிட்டி முனிசிபல் ஸ்டேடியத்தில் சிகாகோ ஒயிட் சாக்ஸ், கன்சாஸ் சிட்டி அத்லெட்டிக்ஸை வென்றது அந்த ஸ்கோரில்தான். ஆனால் அந்த இருபதில் பதினோரு ரன் ஏழாவது இன்னிங்ஸில் வந்தவை. அந்த இன்னிங்ஸில் சிகாகோ அடித்த ஹிட், அதாவது பேட்டரைப் பேஸில் சேர்த்த அடி, ஒன்றே ஒன்று, அதுவும் முதல் பேஸ்வரைக்குமான ஒரு சிங்கிள். மீதிக் கணக்கு: பத்து வாக், மூன்று ஃபீல்டிங் பிழை, உடம்பில் பந்து பட்ட ஒரு பேட்டர்.

ஒருபக்கமாகச் சாய்ந்த ஆட்டங்களில் நான் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்ப்பது இதைத்தான். முப்பது ரன் அடித்த ஆட்டத்தில் அடித்தவர்களின் பெருமையைத் தவிர ஆராய்வதற்கு அதிகம் இருக்காது. இந்த ஆட்டத்தில் மட்டையை அநேகமாகக் கணக்கிலிருந்தே எடுத்துவிடலாம். எடுத்த பிறகும் ஸ்கோர் ஏறிக்கொண்டே போகிறது. எப்படி?

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். ஹோம் பிளேட்டில் நின்று ஆடும் பேட்டர் மூன்று பேஸ்களையும் சுற்றி மறுபடி ஹோம் பிளேட்டுக்கு வந்தால் ஒரு ரன். ஸ்டிரைக் வட்டாரத்துக்கு, அதாவது பிளேட்டுக்கு மேலே பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட வெளிக்கு, வெளியே போய், பேட்டரும் மட்டையை வீசாமல் விட்ட பந்து 'பால்'. நான்கு பால் ஆனால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போகலாம். அதுதான் வாக். முதல் பேஸில் ஏற்கெனவே ஆள் இருந்தால் அவர் இரண்டாவதுக்கு நகர்ந்தாக வேண்டும், அங்கே ஆள் இருந்தால் அவர் மூன்றாவதுக்கு. மூன்று பேஸும் நிரம்பியிருக்கும்போது ஒரு வாக் கொடுத்தால் மூன்றாவது பேஸில் நிற்பவர் ஹோம் பிளேட்டுக்குத் தள்ளப்படுவார், ஒரு ரன். பேட்டரும் இடம் பிடித்துவிடுவதால் பேஸ்கள் மறுபடியும் நிரம்பியே இருக்கும். அடுத்த வாக்குக்கும் ஒரு ரன். இந்தச் சுழற்சி தானாக நிற்காது. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் எத்தனை வைட் போட்டாலும் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒரு ரன், ஆறு நல்ல பந்து போட்டதும் ஓவர் முடிந்து வேறொருவர் வருவார். பேஸ்பாலில் அந்தக் கதவு கிடையாது. மூன்று அவுட் எடுக்கும்வரை இன்னிங்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்றைய ஆட்டத்தில் முதலில் கை ஓங்கியிருந்தது கன்சாஸ் சிட்டிக்குத்தான். சிகாகோவின் அன்றைய பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஏர்லி வின்னைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பதிலாக வந்த பாப் ஷா நிலைமையைப் பிடித்து நிறுத்தினார், பேட்டர்களும் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்தார்கள். ஏழாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது சிகாகோ 8-6 முன்னிலை. இரண்டே ரன் வித்தியாசம், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்ற நிலை. மவுண்டில், அதாவது பந்து வீசும் மேட்டில், கன்சாஸ் சிட்டியின் டாம் கோர்மன்.

இனி வரிசையாக.

ரே பூன் அடித்த பந்து, இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஜோ டிமாஸ்ட்ரியிடம் போனது. வழக்கமான அவுட். எறிதல் தப்பியது, பூன் முதல் பேஸில். அடுத்து ஆல் ஸ்மித் பண்ட் செய்தார், அதாவது மட்டையை வீசாமல் குறுக்கே பிடித்துப் பந்தை அருகிலேயே விழவைத்தார். இரண்டு ரன் முன்னிலையில், யாரும் அவுட் ஆகாத நிலையில், ஓர் அவுட்டைக் கொடுத்து ஆளை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தும் எளிய உத்தி இது. மூன்றாவது பேஸ்மேன் ஹால் ஸ்மித் ஓடிவந்து பந்தை எடுப்பதில் தடுமாறினார். கொடுக்க வந்த அவுட்டையே வாங்கிக்கொள்ளவில்லை. பண்ட் பந்தில் மூன்றாவது பேஸ்மேன் தவறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: பந்து கைக்குள் வருவதற்கு முன்பே கண் முதல் பேஸை நோக்கித் திரும்பிவிடும்.

மூன்றாவதாக வந்தவர் ஜானி காலிசன், இருபது வயது இளைஞர். ரைட் ஃபீல்டுக்கு ஒரு சிங்கிள். பூன் ஹோமுக்கு வந்துவிட்டார். அந்தப் பந்தை ரைட் ஃபீல்டர் கையிலிருந்து நழுவவிட்டதால் ஆல் ஸ்மித்தும் வந்து சேர்ந்தார், காலிசன் மூன்றாவது பேஸ்வரை ஓடிவிட்டார். நழுவவிட்டவர் ரோஜர் மாரிஸ். ஆம், இரண்டு ஆண்டு கழித்து நியூயார்க் யாங்கீஸுக்காக 61 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்த அதே மாரிஸ்தான். 10-6.

இதோடு அந்த இன்னிங்ஸின் ஹிட் கணக்கும் பிழைக் கணக்கும் முடிந்தது. மூன்று பேட்டர், மூன்று பிழை, ஒரு ஹிட், இரண்டு ரன். இன்னும் ஒன்பது ரன் பாக்கி இருக்கிறது. அந்த ஒன்பதும் உள்ளே தள்ளப்பட்ட ரன்கள்.

லூயிஸ் அபாரிசியோவுக்கு வாக். உடனே இரண்டாவது பேஸைத் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அங்கே ஓடிச் சேர்ந்தார். மூன்றாவது பேஸில் ஒரு ஓட்டக்காரர் காத்திருக்கும்போது இந்தத் திருட்டு ஏறக்குறைய இலவசம். பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சர் இரண்டாவதுக்கு எறிந்தால் அந்த நேரத்தில் மூன்றாவதில் இருப்பவர் ஹோமை நோக்கிப் பாய்வார் என்ற பயத்தில் எறிதல் பெரும்பாலும் வராது. முதல் பேஸ் காலியானதால், ஒரே அடியில் இரண்டு அவுட் எடுக்கும் டபுள் பிளே வாய்ப்பும் போயிற்று.

அடுத்து பாப் ஷா. அவர் பிட்சர். அந்தக் காலத்தில் அமெரிக்கன் லீகிலும் பிட்சர் பேட் பிடித்தாக வேண்டும். வரிசையிலேயே பலவீனமான பேட்டர், அவுட்டுக்கு ஏங்கும் அணிக்குக் கிடைத்த வரம். அவருக்கும் வாக். இந்த இடத்தில்தான் இன்னிங்ஸ் கைமீறிப் போனது என்பது என் கணிப்பு. பிழைகள் யாருக்கும் வரும். நெருக்கடியில் பிட்சருக்கு வாக் கொடுப்பது, ஸ்டிரைக் வட்டாரம் எங்கே இருக்கிறது என்பதே மவுண்டில் நிற்பவருக்கு மறந்துவிட்டது என்பதற்கு அடையாளம். கோர்மன் இறங்கினார், மார்க் ஃப்ரீமன் வந்தார்.

எஸ்போசிட்டோவுக்குப் பதிலாக பேட் பிடிக்க வந்த ஏர்ல் டார்கசனுக்கு வாக், காலிசன் உள்ளே. நெல்லி ஃபாக்ஸுக்கு வாக், அபாரிசியோ உள்ளே. 12-6. பிறகு ஜிம் லேண்டிஸ் பந்தை நேராகப் பிட்சரிடமே தட்டினார். ஃப்ரீமன் ஹோமுக்கு எறிந்து ஷாவை அவுட் ஆக்கினார். முதல் அவுட். இது போன்ற அடியில் ஹோமிலிருந்து முதல் பேஸுக்கு மறுபடி எறிந்து இரண்டாவது அவுட்டும் எடுப்பதுண்டு. லேண்டிஸ் வேகமான சென்டர் ஃபீல்டர், அந்த இரண்டாவது அவுட் கிடைக்கவில்லை.

ஷெர்ம் லாலருக்கு வாக், டார்கசன் உள்ளே. ஃப்ரீமனும் போனார். இருபத்து மூன்று வயது இடதுகைப் பிட்சர் ஜார்ஜ் புரூனெட் வந்தார். பூனுக்கு வாக், ஃபாக்ஸ் உள்ளே. ஸ்மித்துக்கு வாக், லேண்டிஸ் உள்ளே. காலிசன்மீது பந்து பட்டது, லாலர் உள்ளே. அபாரிசியோவுக்கு வாக், பூன் உள்ளே. ஷா மூன்று ஸ்டிரைக் வாங்கி ஸ்டிரைக் அவுட், இரண்டாவது அவுட். இடதுகைப் பிட்சருக்கு எதிராக டார்கசனுக்குப் பதில் அனுப்பப்பட்ட வலதுகைப் பேட்டர் பப்பா ஃபிலிப்ஸுக்கு வாக், ஸ்மித் உள்ளே. ஃபாக்ஸுக்கு அதே இன்னிங்ஸில் இரண்டாவது வாக், காலிசன் உள்ளே. லேண்டிஸ் மறுபடியும் பிட்சரிடமே தட்டினார், மூன்றாவது அவுட். 19-6.

இதை ஸ்கோர்கார்டில் கையால் எழுதிப் பார்ப்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இடப் பிரச்சினையில். ஒரு பேட்டருக்கு ஓர் இன்னிங்ஸுக்கு ஒரு கட்டம்தான் இருக்கும். பதினேழு பேட்டர் வந்தால் ஒன்பதுக்கு மேல் எட்டுப் பேர் இரண்டாம் தடவை வருகிறார்கள். அடுத்த இன்னிங்ஸின் பத்தியில் எழுதி, மேலே இருக்கும் எட்டை அடித்துவிட்டு ஏழு என்று திருத்துவதுதான் வழி. ஃபீல்டர்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, ரைட் ஃபீல்டர் 9. ஆகவே பிழைகள் 6, 5, 9 என்ற வரிசையில் பதிவாகும். லேண்டிஸின் முதல் தட்டல் 1-2, பிட்சரிடமிருந்து கேட்சருக்கு.

எழுதி முடித்ததும் சரிபார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது. வந்த பேட்டர்களின் எண்ணிக்கை, ரன், அவுட், பேஸில் மிச்சமாக நின்றவர்கள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். இங்கே 11 ரன், 3 அவுட், கடைசியில் பேஸில் நின்ற அபாரிசியோ, ஃபிலிப்ஸ், ஃபாக்ஸ் மூவர். மொத்தம் 17. இன்னொரு பக்கம்: 10 வாக், உடம்பில் பட்டது 1, ஹிட் 1, பிழையால் பேஸ் எட்டியவர்கள் 2, அவுட்டுக்குக் காரணமான அடிகளும் ஸ்டிரைக் அவுட்டும் 3. அதுவும் 17. மாரிஸின் பிழை இரண்டாவது கணக்கில் வராது, ஏனென்றால் காலிசன் ஏற்கெனவே ஹிட்டால் பேஸ் எட்டிவிட்டார். அந்தப் பிழை ஓடியவர்களைக் கூடுதலாக நகர்த்தியது, அவ்வளவே. இங்கேதான் பலருக்குக் கணக்கில் ஒன்று கூடிவிடும்.

அந்தப் பதினேழு பேரில் பந்தைக் களத்துக்குள் அடித்தவர்கள் ஐந்தே தடவைதான்: பூனின் தரைப்பந்து, ஸ்மித்தின் பண்ட், காலிசனின் சிங்கிள், லேண்டிஸ் இரண்டு முறை. அவுட்ஃபீல்டை எட்டியது ஒரே பந்து. குறைந்தபட்சம் எத்தனை பந்து வீசியிருப்பார்கள் என்றும் கணக்குப் போடலாம். பத்து வாக்குக்கு நாற்பது, ஸ்டிரைக் அவுட்டுக்கு மூன்று, காலிசன்மீது பட்டது ஒன்று, களத்துக்குள் விழுந்தவை ஐந்து. ஆக 49. இது ஒரு வீணான ஸ்டிரைக்கோ, எல்லைக்கோட்டுக்கு வெளியே அடித்த ஃபவுலோகூட இல்லை என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் அடிமட்ட எண். உண்மையான எண் இதைவிட நிச்சயம் கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

தொழில்முறைப் பிட்சர்கள் மூன்று பேர், ஒரே இன்னிங்ஸில், எப்படி ஒரே நோயில் விழுவார்கள்?

ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். மவுண்டிலிருந்து தூரம் 60 அடி 6 அங்குலம், கை முன்னே நீண்டு பந்தை விடும் இடத்திலிருந்து ஏறக்குறைய 55 அடி. பந்தை விடும் கோணம் பக்கவாட்டில் ஒரே ஒரு பாகை மாறினால் பிளேட்டில் அது பதினோரு அங்குலத்துக்கு மேல் விலகிவிடும். நடுவிலிருந்து ஓரம்வரை இருப்பதோ எட்டரை அங்குலம். நடுவைக் குறிவைத்தவர்கூட ஒரு பாகை தப்பினால் பந்து பிளேட்டைத் தாண்டி வெளியே போய்விடும். உயரத்திலும் இதே கதைதான்: விரல் ஒரு கணம் முன்பே விட்டால் பந்து மேலே போகும், தாமதித்தால் கீழே குத்தும்.

இந்தத் துல்லியம் உடலின் தாளத்தால் வருவது. பேஸ்கள் நிரம்பிய நிலையில் பிட்சர் செய்யும் மிகப் பொதுவான தவறு, 'எப்படியாவது ஒரு ஸ்டிரைக்' என்று வேகத்தைக் குறைத்துக் கையால் குறிபார்ப்பது. வேகம் குறைந்ததும் காலும் இடுப்பும் செய்யவேண்டிய வேலையைக் கை எடுத்துக்கொள்கிறது, விடும் இடம் பந்துக்குப் பந்து மாறுகிறது. கவனமாக வீச வீசத் தவறுகிறது. பேட்டர்களுக்கும் இது தெரியும். பிட்சர் தடுமாறும்போது முதல் ஸ்டிரைக் வரும்வரை மட்டையை அசைக்காதே என்பதுதான் எந்தப் பெஞ்சிலிருந்தும் வரும் உத்தரவு. ஃபாக்ஸ் போன்றவருக்கு அதைச் சொல்லவே வேண்டாம். ஒரு பருவம் முழுக்க இருபது தடவைகூட ஸ்டிரைக் அவுட் ஆகாத மனிதர் அவர். தப்பான பந்துக்கு அவரை ஆசைப்படுத்தி அவுட் எடுப்பது நடக்காத காரியம்.

புதிதாக வரும் பிட்சருக்கு இன்னொரு சிக்கல். அன்றைய விதிப்படி மவுண்டில் அவருக்கு எட்டுப் பயிற்சிப் பந்துதான். பிட்சர்கள் கையைச் சூடாக்கிக்கொள்ளும் புல்பென்னில் வீசிய மவுண்டும் களத்து மவுண்டும் கால் பதியும் விதத்தில் ஒன்றுபோல இருக்காது. சாதாரணமாக முதல் பேட்டருக்கு இரண்டு பந்து தப்பினாலும் சரிசெய்துகொள்ள நேரம் இருக்கும். பேஸ்கள் நிரம்பிய நிலையில் வருபவருக்கு அந்த அவகாசமும் ஒரு ரன் விலைக்குத்தான் கிடைக்கும்.

ஏப்ரல் மாதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 154 ஆட்டங்கள் கொண்ட பருவத்தின் இரண்டாவது வாரம் அது. பிட்சர்களின் கை இன்னும் ஆட்டச் சூட்டுக்கு வந்திருக்காது. அன்றைய வழக்கப்படி பருவத்தின் முதல் மாதத்தில் அணிகள் 25 பேருக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூடுதல் இடங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் தேறுவார்களா என்று பார்க்கப்படும் பிட்சர்கள். ஆட்டம் கையைவிட்டுப் போகும்போது மேலாளர் நாளைய பிட்சரைக் காப்பாற்றி, இவர்களில் ஒருவரைத்தான் தீயில் இறக்குவார்.

கன்சாஸ் சிட்டி மேலாளர் ஹாரி கிராஃப்ட் வேறென்ன செய்திருக்க முடியும் என்று பார்த்தால், அதிகம் இல்லை. நான் அவரைக் குறைசொல்லமாட்டேன். ஃபீல்டர்களை எங்கே நிறுத்தினாலும் பந்து அவர்களிடம் வந்தால்தானே! பிட்சரல்லாத ஒருவரை மவுண்டுக்கு அனுப்பும் பழக்கம் அன்று அரிது. அனுப்பினாலும் தேறாது என்பதற்கு 1996 ஏப்ரல் 19 சாட்சி. ஆர்லிங்டனில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பால்டிமோர் ஓரியோல்ஸை 26-7 என்று வீழ்த்திய ஆட்டம் அது. எட்டாவது இன்னிங்ஸில் மட்டும் பதினாறு ரன். இன்ஃபீல்டர் மேனி அலெக்சாண்டரை மவுண்டில் ஏற்றினார்கள். வாக் தொடர்ந்தது, கெவின் எல்ஸ்டர் கிராண்ட் ஸ்லாமும், அதாவது பேஸ்கள் நிரம்பியிருக்கும்போது ஒரு ஹோம் ரன்னும், அடித்தார்.

இதே சிகாகோ, இதே கன்சாஸ் சிட்டி, இதே மைதானம். நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் குறைவாக, 1955 ஏப்ரல் 23 அன்று சிகாகோ 29-6 என்று வென்றிருந்தது. அது முழுக்க மட்டையின் ஆட்டம். ஏழு ஹோம் ரன்: பாப் நீமனும் லாலரும் ஆளுக்கு இரண்டு, டிரோப்போ, மினோசோ, பிட்சர் ஜாக் ஹார்ஷ்மன் ஆளுக்கு ஒன்று. நீமன் மட்டும் ஏழு ரன் கொண்டுவந்தார். லாலர் ஒரே இன்னிங்ஸில் இரண்டு ஹிட் என்பதை அந்த ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை செய்தார். ஃபிலடெல்ஃபியாவிலிருந்து குடிபெயர்ந்து வந்த அத்லெட்டிக்ஸுக்குக் கன்சாஸ் சிட்டியில் அது முதல் மாதம். 29 ரன் என்பது பாஸ்டன் 1950இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸுக்கு எதிராக வைத்த நவீன காலச் சாதனைக்குச் சமம். 2007இல் டெக்சாஸ் முப்பது அடிக்கும்வரை அது நின்றது. லாலர் இரண்டு ஆட்டத்திலும் இருந்தார். 1959இன் அந்த இன்னிங்ஸில் அவர் செய்ததெல்லாம் நான்கு பந்தை விட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்ததுதான். ரன் கணக்கில் அதுவும் ஒன்று.

பத்து வாக் என்பதுகூட உச்சம் இல்லை. 1949 செப்டம்பர் 11 அன்று வாஷிங்டன் பிட்சர்கள் யாங்கீஸுக்கு மூன்றாவது இன்னிங்ஸில் பதினொன்று கொடுத்திருந்தார்கள்.

1959இன் அந்த இன்னிங்ஸில் முதல் இரண்டு பிழைகளுக்கு எவ்வளவு எடை என்றும் பார்க்கவேண்டும். டிமாஸ்ட்ரியும் ஹால் ஸ்மித்தும் தங்கள் பந்துகளை அவுட்டாக்கி, மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால், லேண்டிஸின் முதல் தட்டலே மூன்றாவது அவுட். காலிசன், அபாரிசியோ இருவரின் ரன்னோடு இன்னிங்ஸ் முடிந்திருக்கும், 10-6. புரூனெட் அந்த இன்னிங்ஸில் மவுண்டுக்கே வந்திருக்கமாட்டார். வாக்கை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பத்து வாக்கில் எட்டு, ஒவ்வொன்றும் ஒரு ரன் விலை போனது, பேஸ்கள் முன்பே நிரம்பியிருந்ததாலும் அவுட் எடுக்கப்படாமல் இருந்ததாலும்தான்.

சிகாகோ அந்த ஆண்டு 94 ஆட்டம் ஜெயித்து அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்றது, 1919க்குப் பிறகு முதன்முறையாக. ஹோம் ரன்னில் லீகிலேயே கடைசி இடம், பேஸ் திருட்டில் முதல் இடம். அபாரிசியோ மட்டும் 56 திருடினார். ஃபாக்ஸ் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், வின்னுக்குச் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, ஷாவுக்கு 18 வெற்றி. உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் டாட்ஜர்ஸை 11-0 என்று நொறுக்கிவிட்டுத் தொடரை 4-2 என்று கோட்டைவிட்டார்கள். அத்லெட்டிக்ஸ் எட்டு அணிகளில் ஏழாவது.

கோர்மனுக்கு அதுவே கடைசிப் பருவம். மாரிஸ் டிசம்பரில் யாங்கீஸுக்குப் போனார், காலிசன் அதே டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு. புரூனெட் அணிக்கு அணி தாவி, பிறகு மெக்சிகோ லீகுக்குப் போய் ஐம்பதை நெருங்கும் வயதுவரை வீசினார், மைனர் லீகுகளில் ஸ்டிரைக் அவுட் சாதனையே அவர் பெயரில்தான். அன்று இன்னிங்ஸைத் தொடக்கிவைத்து, இரண்டாம் சுற்றில் வாக்கும் வாங்கி, இரண்டு ரன் எடுத்த ரே பூனை மே 3ஆம் தேதி சிகாகோ ஹாரி சிம்ப்சனுக்கு மாற்றாகக் கொடுத்துவிட்டது. வாங்கிய அணி கன்சாஸ் சிட்டி.